ஆயாவுக்கு டபிள்யூ-2: அமெரிக்க அரசின் இலவச சேவை தேறுமா?

அமெரிக்காவில் பிள்ளை பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆயா வைத்திருக்கிற குடும்பம், வருஷக் கடைசியில் சம்பளத்தையும் அதற்கான வரியையும் காட்டுகிற டபிள்யூ-2 படிவத்துக்காக ஒரு சம்பளக் கணக்குக் கம்பெனிக்கு மாதாமாதம் சந்தா கட்டவேண்டிய அவசியம் இல்லை. அங்கே அரசு ஓய்வூதியத்தைப் பார்க்கிற சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம் நடத்தும் பிசினஸ் சர்வீசஸ் ஆன்லைன் என்ற தளத்திலேயே ‘டபிள்யூ-2 ஆன்லைன்’ என்று ஒரு சேவை இருக்கிறது. பைசா கிடையாது. ஒரு தடவைக்கு 50 டபிள்யூ-2 வரை போடலாம். நமக்குத் தேவை ஒன்று. வாராவாரம் சம்பளக் கணக்கு எழுதி வைத்திருக்கிற வீடாக இருந்தால் நான் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். கணக்கே எழுதாத வீடாக இருந்தால் ஒன்று கூடத் தேறாது, ஏனென்றால் அது உங்களுக்காக எதையும் கூட்டிக் கழித்துத் தராது.

பழைய வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு இவளுக்கு எதுக்கு அமெரிக்காக் கணக்கு என்று கேட்பீர்கள். ராஜாஜி சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். ஃபார்ம் 16, 24க்யூ, பிஎஃப் சலான் மாதிரி நம்மூர்ச் சம்பளத் தாள்கள் எல்லாம் எனக்கு அன்றாடப் பாடு. தம்பி டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறான். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். முதல் பிள்ளைக்கு எங்கம்மா போய் ஆறு மாதம் இருந்து வந்தாள். அப்புறம் அவள் சம்பந்தி. ரெண்டாவது பிறந்தபோது அம்மாவுக்கு முட்டி போய்விட்டது, சம்பந்தியம்மாவுக்கு விசா தள்ளிப்போனது. அப்போதுதான் ஆயா வந்தார். குடியாத்தத்துக்காரர், 61 வயது, மகன் ஸ்பான்சர் பண்ணிய கிரீன் கார்டில் அங்கே போனவர். பிள்ளைகள் கூப்பிடுவதைப் பார்த்து நாங்களும் ஆயா என்றே கூப்பிடுகிறோம்.

தம்பிக்கு எண் என்றால் கோடிங்கில் வருகிற எண்தான். சம்பளக் கணக்கு என்றால் “யக்கா, நீயே பாத்துக்க” என்பான். அதனால் 2024-இல் ஆயா வேலைக்குச் சேர்ந்தபோது, வீட்டு வேலையாட்களின் சம்பளத்தையே தொழிலாக வைத்திருக்கிற ஒரு கம்பெனியில் சந்தா கட்டினான். பெயர் வேண்டாம். மாதம் 45 டாலர், வருஷக் கடைசிப் படிவங்களுக்குத் தனியாக 100 டாலர். ஆப் அழகாக இருந்தது. வெள்ளிக்கிழமை ஆனால் ஆயா கணக்குக்குப் பணம் போய்விடும். அதுவரைக்கும் குறை சொல்ல முடியாது.

குறை ஜனவரியில் வந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் டபிள்யூ-2 என்ற காகிதத்தின் சூட்சுமமே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு 1.45 சதவீதம், ஆக 7.65 சதவீதம் வேலை செய்கிறவர் பங்கு. அதே அளவு முதலாளி பங்கு. வேலை செய்கிறவர் பங்கைச் சம்பளத்தில் பிடிக்கலாம். பிடிக்காமல் முதலாளியே கையிலிருந்து கட்டவும் வீட்டு வேலை விஷயத்தில் அனுமதி உண்டு. தம்பி இரண்டாவது வழியைத்தான் ஒப்புக்கொண்டிருந்தான். “ஆயா கைக்கு முழுசாப் போவணும்” என்று அவன் மனைவி சொல்லிவிட்டாள். 2024-இல் ஆயா வாங்கியது 20 வாரம், வாரத்துக்கு 500, மொத்தம் 10,000 டாலர். அவர் பங்காகத் தம்பி கட்டியது 765.

இப்போது படிவத்தைப் பாருங்கள். அதில் எண் போட்ட பெட்டிகள்: ஒன்று வருமான வரிக்கான சம்பளம், மூன்று சோஷியல் செக்யூரிட்டிக்கான சம்பளம், ஐந்து மெடிகேருக்கான சம்பளம், நாலும் ஆறும் அந்த ரெண்டுக்கும் போன வரி. ஆயாவுக்காகத் தம்பி கட்டிய அந்த 765-உம் ஆயாவுக்கு வருமானம்தான், அதனால் முதல் பெட்டியில் 10,765 வரவேண்டும். ஆனால் அந்த 765 மூன்றாம் பெட்டியிலும் ஐந்தாம் பெட்டியிலும் சேராது. அங்கே 10,000 மட்டும். நாலாம் பெட்டியில் 620, ஆறாம் பெட்டியில் 145. வரித்துறையின் 926-ஆம் வெளியீட்டில் இது தெளிவாக இருக்கிறது. கம்பெனி அனுப்பிய பிடிஎஃபில் ஒன்று, மூன்று, ஐந்து மூன்றிலும் 10,765 என்று இருந்தது.

நான் கண்டுபிடித்தது பெரிய வித்தை இல்லை. சம்பளக் காகிதம் எது கையில் கிடைத்தாலும் நான் முதலில் செய்வது, பிடித்த தொகையைச் சம்பளத்தால் வகுப்பது. மேஜையில் இருந்த கேசியோவில் 620-ஐ 10,765-ஆல் வகுத்தேன். 0.057 என்று வந்தது. 0.062 வரவில்லை என்றால் எங்கேயோ இடிக்கிறது. கஸ்டமர் கேர் சாட்டில் தம்பி கேட்டால், எங்கள் சிஸ்டம் தானாகப் போடுவது அது, சரியாகத்தான் இருக்கும் என்று பதில். வெளியீட்டின் பக்கத்தை அனுப்பிய பிறகு ஒத்துக்கொண்டார்கள். திருத்தப் படிவமான டபிள்யூ-2சி போட்டார்கள், அதற்கும் ஒரு கட்டணம் வாங்கினார்கள். தப்பு அவர்களுடையது, காசு தம்பியுடையது! அன்றைக்கே சொல்லிவிட்டேன், அடுத்த வருஷம் இந்த வேலையை நாமே பார்த்துக்கலாம் என்று.

765 டாலர் வித்தியாசத்துக்கு இவ்வளவு அலட்டலா என்று தம்பியே கேட்டான். சோஷியல் செக்யூரிட்டிக்குப் போகிற கணக்கும், அவன் வருமான வரியோடு இணைக்கிற, வீட்டு வேலையாள் வரிக்கான ஷெட்யூல் எச் என்ற தாளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவேண்டும். ஒன்றில் 10,000, இன்னொன்றில் 10,765 என்றால் ஒரு நாள் கடுதாசி வரும். அதைவிட முக்கியமாக, மூன்றாம் பெட்டியும் ஐந்தாம் பெட்டியும் ஆயாவின் சொத்து. அந்தத் தொகைதான் அவர் பெயரில் பதிவாகி, பிற்பாடு பென்ஷனுக்கும் மெடிகேருக்கும் ஆதாரமாகிறது. அங்கே ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட் வேண்டும், சம்பாதித்ததற்குக் கிடைக்கிற புள்ளி அது. வருஷத்துக்கு அதிகபட்சம் நாலு. 2025-இல் ஒரு கிரெடிட்டுக்கு 1,810 டாலர் சம்பாதித்திருக்கவேண்டும், நாலுக்கு 7,240. ஆயாவுக்கு இப்போதுதான் எட்டு ஆகியிருக்கிறது. இன்னும் எட்டு வருஷம் ஓடினால் நாற்பது. ஓடுவாரா தெரியாது, ஆனால் அவர் அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார். நம்மூரில் பிஎஃப் பாஸ்புக்கை மாதாமாதம் போனில் திறந்து பார்ப்பவர்களுக்கு இந்த மனசு புரியும்.

சரி, 2025 கணக்கின் கதை.

முதலில் யாருக்கு இது பொருந்தும் என்று சொல்லிவிடுகிறேன். 2025-இல் ஒரே வீட்டு வேலையாளுக்கு 2,800 டாலர் அல்லது அதற்கு மேல் ரொக்கச் சம்பளம் கொடுத்திருந்தால் இந்த வரி உண்டு, டபிள்யூ-2 உண்டு. 2026-க்கு அந்த எல்லை 3,000. செக், வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புகிற ஸெல், எதில் கொடுத்தாலும் ரொக்கக் கணக்குதான். பெற்ற தாய்க்குக் கொடுத்தால் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வராது. ஆனால் விசிட்டர் விசாவில் போகிற நம்ம அம்மாக்களுக்குச் சம்பளம் என்ற பேச்சே எடுக்கக்கூடாது, அது வேறு வம்பு.

முதலாளிக்கு ஈஐஎன் என்ற அடையாள எண் வேண்டும். தம்பியின் சொந்த சோஷியல் செக்யூரிட்டி எண்ணை முதலாளி எண் என்று போட முடியாது. ஈஐஎன்-ஐ வரித்துறை தன் தளத்திலேயே இலவசமாகத் தருகிறது. கூகுளில் தேடினால் மேலே வருகிற சில தளங்கள் அரசுத் தளம் மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு அதற்குக் காசு கேட்கும். உள்ளே போய்விடாதீர்கள்.

பிசினஸ் சர்வீசஸ் ஆன்லைனுக்குள் நுழைய லாகின்.கவ் அல்லது ஐடி.மீ கணக்கு வேண்டும். அடையாள அட்டையைப் படமெடுத்துக் காட்டி, இவர்தான் இவர் என்று நிரூபிக்கிற வேலை அங்கே இருக்கிறது. இதைத் தம்பியேதான் செய்யவேண்டும், செய்தான். அக்காவாக இருந்தாலும் அவன் பாஸ்வேர்டு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கூகுள் மீட்டில் அவன் ஸ்கிரீனைக் காட்டினான், நான் பார்த்துச் சொன்னேன். அங்கே ராத்திரி எட்டு மணி என்றால் இங்கே காலை ஏழரை. பின்னால் மெட்ரோ வாட்டர் லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம், அவன் பின்னால் சின்னது அழுகிற சத்தம், நடுவில் அமெரிக்க அரசாங்கம். இந்த லாகின் வேலையை மட்டும் டிசம்பரிலேயே முடித்துவிடுங்கள். ஜனவரி கடைசி வாரத்தில் எல்லோரும் ஒரே வாசலில் நெருக்குவார்கள். 2025 வருஷப் படிவத்துக்கு, 2026 ஜனவரி 31 சனிக்கிழமை என்பதால் கெடு பிப்ரவரி 2. தாமதமானால் முதல் 30 நாளைக்குள் 60 டாலர் அபராதம், அப்புறம் ஆகஸ்ட் 1 வரை 130, அதையும் தாண்டினால் 340. ஒரு படிவத்துக்கு இவ்வளவு.

உள்ளே போன பிறகு வேலை சுலபம். சம்பள அறிக்கை என்ற பகுதி, அதில் புதிதாகப் படிவம் உருவாக்கு, எந்த வருஷம், ஈஐஎன் என்ன, எந்த வகை முதலாளி. இங்கே ‘வீட்டு வேலை’ என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். விட்டுவிட்டால் ஏதோ கம்பெனி நடத்துகிற மாதிரிக் கணக்காகிவிடும். அப்புறம் காகித டபிள்யூ-2 எப்படி இருக்குமோ அதே எண்களோடு பெட்டிகள். பழகியவர்களுக்கு இது வசதி, எந்தப் பெட்டி எங்கே என்று தேடவேண்டாம்.

பெயரில் நாங்கள் கொஞ்சம் நின்றோம். ஆயாவுக்கு ஊரில் இனிஷியலோடு ஒரே பெயர். பாஸ்போர்ட்டில் புருஷன் பெயர் கடைசிப் பெயராக ஏறிவிட்டது. சோஷியல் செக்யூரிட்டி கார்டிலும் அப்படியே. தம்பி வாட்ஸப்பில் சேமித்திருந்த மாதிரி முன்னால் ஒரு எழுத்து, அப்புறம் பெயர் என்று அடித்துக்கொண்டிருந்தான். நிறுத்தி, கார்டைக் கொண்டுவரச் சொன்னேன். கார்டில் எந்த எழுத்து எந்த இடத்தில் இருக்கிறதோ அதே மாதிரிதான் போடவேண்டும். பெயரும் எண்ணும் பொருந்தாவிட்டால் அந்தச் சம்பளம் யார் கணக்கிலும் ஏறாமல் தனியாக ஒதுங்கி நிற்கும். தமிழ்ப் பெயர் வைத்திருக்கிற எல்லோரும் இந்த இடத்தில் ரெண்டு தடவை பார்ப்பது நல்லது.

அடுத்தது தொகை. 2025-இல் ஆயாவுக்கு மணிக்கு 20 டாலர், வாரத்துக்கு 27 மணி நேரம், ஆக 540. சம்பளம் கொடுத்த வெள்ளிக்கிழமைகள் 50. மீதி ரெண்டு வாரம் தம்பி குடும்பம் இங்கே வந்திருந்தது, ஆயாவும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். 27,000. தீபாவளிக்கு 500 டாலர் போனஸ், அதுவும் சம்பளம்தான். ஆக 27,500. நான் இங்கிருந்து வாங்கி அனுப்பிய பட்டுப்புடவை, எம்.சி. ரோட்டில் பேரம் பேசி எடுத்தது, அது மூன்றாம் பெட்டியில் ஏறாது. துணிமணி, சாப்பாடு, தங்க இடம் மாதிரிப் பொருளாகக் கொடுப்பதை வீட்டு வேலையாளுக்குச் சோஷியல் செக்யூரிட்டி சம்பளமாக எடுப்பதில்லை.

ஒரு கேள்வி வந்தது. டிசம்பர் கடைசி வாரம் ஆயா வேலை செய்தார், சம்பளம் கொடுத்தது ஜனவரி 2, வெள்ளிக்கிழமை. அது எந்த வருஷம்? கொடுத்த தேதிதான் கணக்கு, அதனால் 2026. நம்மூர் ஆபீஸில் மார்ச் மாதச் சம்பளத்தை மார்ச்சிலேயே செலவு காட்டிப் பழகியவர்களுக்குக் கை தானாக அந்த 540-ஐ உள்ளே இழுக்கும். இழுக்கக்கூடாது.

ஆக இந்த வருஷப் பெட்டிகள் இப்படி வந்தன. மூன்றிலும் ஐந்திலும் 27,500. நாலில் 1,705. ஆறில் 398 டாலர் 75 சென்ட். ரெண்டும் சேர்ந்து 2,103.75, அதைத் தம்பி கட்டுவதால் முதல் பெட்டியில் 29,603.75. கேசியோவில் வகுத்துப் பார்த்தேன், 0.062 பளிச்சென்று நின்றது. டபிள்யூ-3 என்கிற மொத்தத் தாளைத் தளமே தயாரித்துவிடுகிறது. ஒரே ஆள் என்பதால் அதே எண்கள் திரும்ப வரும். அனுப்புவதற்கு முன்னால் ஒரு நகல் இறக்கிப் பார்க்கலாம். அதை அச்செடுத்து ஒரு வரி ஒரு வரியாகப் பேனாவால் டிக் போட்டேன், ஆபீஸ் பழக்கம். அனுப்பியதும் ரசீது எண் ஒன்று வருகிறது. அதையும் பிடிஎஃபையும் அப்போதே சேமித்துக்கொள்ளுங்கள்.

ஆயாவுக்குக் கொடுக்கவேண்டிய நகல்களைச் சாதாரண வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் அச்செடுத்தால் போதும். காகிதத்தில் அனுப்புகிறவர்களுக்குத்தான் சிவப்பு மை நகல் தலைவலி: வரித்துறைத் தளத்திலிருந்து இறக்கி வீட்டு பிரிண்டரில் அடித்த சிவப்புத் தாளை இயந்திரம் படிக்காது, அதனால் ஏற்கமாட்டார்கள், அபராதமும் வரலாம். ஆன்லைனில் அந்தத் தொல்லையே இல்லை.

தம்பி தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது நானும் வீடியோவில் இருந்தேன். ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தார். அப்புறம், “எங்கணக்குல ஏறிடுமா கண்ணு?” என்றார். அவருக்கே அந்த நிர்வாகத்தின் தளத்தில் ‘மை சோஷியல் செக்யூரிட்டி’ என்ற கணக்கு திறந்து கொடுத்தால், வருஷா வருஷம் எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். மகனிடம் சொல்லித் திறக்கச் சொல்லியிருக்கிறோம்.

இந்தக் காகிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் தெருப் பெண்கள்தான் ஞாபகம் வருகிறார்கள். காலையில் சோறு கட்டிக்கொண்டு பஸ் பிடித்து அண்ணா நகர், கீழ்ப்பாக்கம் ஃபிளாட்டுகளுக்குப் பிள்ளை பார்க்கப் போகிறவர்கள். பத்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் உண்டு. எவ்வளவு வாங்கினார்கள் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-லிருந்து இருக்கிறது, பதிவு செய்தால் உதவித்தொகைகள் உண்டு. ஆனால் வீட்டுக்காரம்மா வருஷக் கடைசியில் கணக்குக் கொடுக்கவேண்டும் என்று எந்தப் படிவமும் அவரிடம் கேட்பதில்லை. அங்கே வாரம் 540 டாலருக்கு இவ்வளவு பெட்டி. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த இலவச சேவை செய்யாதவற்றையும் சொல்லவேண்டும். ஷெட்யூல் எச் இதில் வராது. அதைத் தம்பி தன் வருமான வரிப் படிவமான 1040-உடன் ஏப்ரல் 15-க்குள் தனியாகப் போடவேண்டும். ரெண்டு பங்கும் சேர்த்து 15.3 சதவீதம், 27,500-க்கு 4,207.50. அதோடு, வேலை போனவர்களுக்கான உதவிக்காக முதலாளி கட்டுகிற மத்திய வேலையின்மை வரி, முதல் 7,000 டாலருக்கு மட்டும். சட்டப்படி 6 சதவீதம். மாநில வேலையின்மை வரியை ஒழுங்காகக் கட்டியிருந்தால் 5.4 கழிந்து 0.6, அதாவது 42 டாலர். ஆக 4,249.50. இவ்வளவு பெரிய தொகையை ஏப்ரலில் ஒரே மூச்சில் கட்டவேண்டாம் என்று, தம்பி தன் சொந்தச் சம்பளத்தில் வரிப்பிடித்தத்தை முன்கூட்டியே கூட்டி வைத்துக்கொண்டான். அப்படிச் செய்ய வழி இருக்கிறது, நல்ல வழி.

மாநிலத்துக்கும் இது எதையும் அனுப்பாது. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால் கீழே உள்ள மாநிலப் பெட்டிகள் எங்களுக்குக் காலி. மாநில வேலையின்மை வரி மட்டும் தனியாக. கலிபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க்கில் இருக்கிற சொந்தக்காரர்கள் இதைப் படித்துவிட்டு அப்படியே செய்யக் கிளம்பிவிடாதீர்கள். அங்கே மாநிலப் பிடித்தங்கள் வேறு, தாள்கள் வேறு. கலிபோர்னியாவில் 2025-க்கு மத்திய வேலையின்மை வரியின் கழிவும் முழுசாகக் கிடைக்கவில்லை. அந்த மாநிலங்களில் இருப்பவர்கள், ரெண்டு குடும்பம் சேர்ந்து ஒரே ஆயாவை வைத்திருப்பவர்கள், ராத்திரி தங்குகிற ஆயா வைத்து ஓவர்டைம் கணக்கு உள்ளவர்கள், இவர்களெல்லாம் காசு கொடுத்து ஆள் வைத்துக்கொள்வதே மேல். ஆனால் அவர்கள் அனுப்புகிற பிடிஎஃபை வகுத்துப் பார்த்துவிட்டு ஆயாவிடம் கொடுங்கள்.

ஃபிரிஸ்கோத் தமிழர் வட்டத்தில் தம்பிக்கு இலவசமாகக் கிடைத்த ஆலோசனை ஒன்று உண்டு: “எதுக்கு இந்த ரோதனை, 1099 குடுத்துட்டுப் போ.” ஆயாவைத் தனித்தொழில் செய்கிறவர் என்று காட்டிவிட்டால் முதலாளி பங்கு மிச்சம் என்று கணக்கு. எத்தனை மணிக்கு வரவேண்டும், பிள்ளைக்கு என்ன ஊட்டவேண்டும், எப்போது தூங்கவைக்கவேண்டும் என்று எல்லாவற்றையும் நீங்கள் சொல்கிறீர்கள் என்றால் அவர் உங்கள் வேலையாள். வரித்துறை பார்ப்பதும் அதைத்தான். அதுவுமில்லாமல் 1099 வாங்கினால் அந்த முழு 15.3 சதவீதமும் ஆயா தலையில் விழும். அறுபது தாண்டிய மனுஷி மேல் ஏற்றுகிற சுமையா அது?

தம்பிக்கும் இதில் லாபம் இல்லாமல் இல்லை. ஆயாவின் சம்பளத்தைக் காட்டி, ரெண்டு பிள்ளைகளுக்கு 6,000 டாலர் வரையிலான செலவுக்குப் பிள்ளை பராமரிப்பு வரிச்சலுகை கேட்கலாம். அந்தப் படிவத்தில் ஆயாவின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை எழுதவேண்டும். மேஜைக்கு அடியில் சம்பளம் கொடுக்கிறவர்களால் அதைக் கேட்க முடியாது.

பணம் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால், பழைய கம்பெனிக்கு வருஷத்துக்கு 540 சந்தாவும் 100 தனிக்கட்டணமுமாக 640 டாலர் போய்க்கொண்டிருந்தது. 540 என்பது ஆயாவின் ஒரு வாரச் சம்பளம். அதற்குப் பதிலாக இப்போது ஒரு கூகுள் ஷீட். தேதி, மணி நேரம், தொகை, ஆயாவின் 7.65, தம்பியின் 7.65, அவ்வளவுதான் பத்திகள். வெள்ளிக்கிழமை தம்பி ஸெல் அனுப்பியதும் அதில் ஒரு வரி ஏற்றுகிறான், மறந்தால் சனிக்கிழமை காலை நான் வாட்ஸப்பில் கத்துகிறேன். இந்தப் பதிவுகளைக் குறைந்தது நாலு வருஷம் வைத்திருக்கவேண்டும்.

நாலு கொடுத்து ஒன்றைப் பிடித்துவைத்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. ரெண்டாம் பெட்டி, வருமான வரிப் பிடித்தம். வீட்டு வேலையாளுக்கு அதைப் பிடிக்கவேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை. ஆயா கேட்டு, தம்பி சம்மதித்தால்தான். ஆயா கேட்கவில்லை, அதனால் அந்தப் பெட்டி காலியாகப் போனது, தளமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிக்கொண்டது. அதன் வேலை அது இல்லைதான். ஆனால் தனி ஆளாகக் கணக்குக் காட்டினால், 29,603-இல் வரி போடாமல் கழித்துவிடுகிற நிலைக்கழிவு, 2025-க்கு 15,750, அது போக மீதிக்கு ஆயா ஏப்ரலில் 1,400 டாலர் சொச்சம் வருமான வரி கட்டவேண்டியிருக்கும். கையில் முழுசாக வாங்கிப் பழகியவருக்கு அது பெரிய தொகை. நல்ல சம்பளச் சேவை என்றால் ஆள் சேர்கிற அன்றைக்கே இதைக் கேட்டிருக்கும். காசு வாங்கிய அந்தக் கம்பெனியும் கேட்கவில்லை. இந்த ஏப்ரல் தொகையில் பாதியைத் தம்பி போனஸாகக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான், அது 2026 சம்பளத்தில் சேரும். ஆயாவும் வரி பிடிக்கச் சொல்லும் டபிள்யூ-4 படிவத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். பிப்ரவரி முதல் வாரத்திலிருந்து வாரம் 25 டாலர் பிடிக்கிறோம், ஷீட்டில் அதற்கு ஒரு பத்தி கூட்டியாகிவிட்டது.